திரையரங்கிலிருந்து கண்ணாடிப் பேராலயம் வரை: ஓர் அமெரிக்கச் சபையின் வரலாறு

காலத்தின் பழக்கங்கள் ஆராதனையின் உருவத்தை மாற்றுவதைத் திருச்சபை வரலாற்றில் பலமுறை காண்கிறோம். அவை நற்செய்தியையே மாற்றிவிடுமோ என்னும் வினாவை நாம் அவ்வளவு கூர்ந்து கேட்பதில்லை. இவ்வினாவை ஆராய, தெற்குக் கலிபோர்னியாவில் 1955ஆம் ஆண்டு தோன்றிய ஒரு சபையின் வரலாறு துணை செய்யும்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்க நடுத்தர வகுப்பினர் பெருந்திரளாகப் புறநகர்களில் குடியேறினர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குத் தெற்கேயுள்ள ஆரஞ்சு மாவட்டத்தின் மக்கள்தொகை 1950இல் ஏறத்தாழ 2,16,000. 1960இல் அது 7,04,000 ஆயிற்று. கார் இன்றி அங்கு வாழ்க்கை இல்லை. டிஸ்னிலேண்டு கேளிக்கைப் பூங்கா அம்மாவட்டத்தில் திறக்கப்பட்டதும் 1955ஆம் ஆண்டிலேயே.

அவ்வாண்டில் ராபர்ட் ஷூலர் என்னும் இளம் போதகர் அங்கு வந்தார். அவர் சார்ந்திருந்த அமெரிக்கச் சீர்திருத்த சபை நமக்குப் புதியதன்று. வேலூர்ப் பகுதியில் ஆற்காடு மிஷனை நடத்திய சபை அதுவே. காரில் அமர்ந்தவாறே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கு ஒன்றில் அவர் ஞாயிறு ஆராதனையைத் தொடங்கினார். சிற்றுண்டிக் கடையின் கூரையே பிரசங்க பீடமாயிற்று. வீடு வீடாகச் சென்று, ஆலயத்தில் மக்கள் எதை விரும்புகிறார்கள் என்றும் அவர் கேட்டறிந்தார்.

இதை நகைப்பது எளிது; நியாயமன்று. நடக்க இயலாதோரும், ஆலயத்திற்குள் நுழையக் கூசியோரும் வரக்கூடிய இடமாக அது அமைந்தது. 1968இல் அச்சபை இரவும் பகலும் இயங்கும் தொலைபேசி ஆலோசனைப் பணியையும் தொடங்கிற்று. எல்லாருக்கும் எல்லாமாக முயன்ற பவுலின் மனம் இதில் ஓரளவேனும் உண்டென்பதை நாம் மறுத்தலாகாது.

1970இல் 'ஹவர் ஆஃப் பவர்' என்னும் தொலைக்காட்சி ஆராதனை தொடங்கியது. 1980இல், பிலிப் ஜான்சன் வரைந்த திட்டப்படி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிப் பலகைகளாலான 'கிறிஸ்டல் கதீட்ரல்' திறக்கப்பட்டது. காரில் இருப்போரும் காணும்படி அதில் உயர்ந்த கதவுகள் திறந்தன.

உருவத்தோடு செய்தியும் மாறிற்று. நம்பிக்கையான சிந்தனையின் ஆற்றலைப் பற்றி நார்மன் வின்சென்ட் பீல் 1952இல் வெளியிட்ட நூல் நாடெங்கும் பரவியிருந்தது. அவ்வழியே சென்ற ஷூலர், மனிதனின் சுயமதிப்பே இறையியலின் தொடக்கமாக வேண்டுமென 1982இல் ஒரு நூலில் வாதிட்டார். 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தம் கடவுளை மையமாகக் கொண்டது; இப்புதிய சீர்திருத்தமோ மனிதத் தேவையிலிருந்து புறப்பட்டது. பாவம், மனந்திரும்புதல் என்னும் சொற்கள் பின்னுக்குச் சென்றன. விரும்பாத பொருளை வாங்காது செல்வது நுகர்வோர் பழக்கம். விரும்பாத நிகழ்ச்சியை மாற்றிவிடுவது தொலைக்காட்சி நேயரின் பழக்கம். இவ்விருவரையும் இழக்க விரும்பாத பீடம் இவ்வாறு பேசக் கற்றுக்கொண்டது வியப்பன்று.

ஷூலர் முதுமையடைந்தபோது தலைமைப் பொறுப்பைக் குறித்துக் குடும்பத்தில் பிணக்கு எழுந்தது. காணிக்கை குறைந்தது. 2010ஆம் ஆண்டு சபை திவாலா மனு அளித்தது. 5 கோடியே 75 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்ட அப்பேராலயம், 2019 முதல் ரோமன் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் கிறிஸ்து பேராலயமாக விளங்குகிறது. ஷூலர் 2015இல் காலமானார்.

இவ்வீழ்ச்சியைத் தவறான போதனைக்குக் கிடைத்த தண்டனை எனத் தீர்ப்பது வரலாற்று மாணவனின் வேலையன்று. திருத்தமான போதனையுள்ள சபைகளும் கடன்பட்டதுண்டு. எனினும் ஒன்றைக் குறிப்பிடலாம். ஒரு குரலைக் கேட்பதற்காகத் தொலைவிலிருந்து இணைந்த நேயர்களுக்கு ஒருவரோடொருவர் பிணைப்பு இல்லை. அக்குரல் தளர்ந்தபோது அவர்களைத் தாங்கி நிறுத்த அப்பந்தியும் ஐக்கியமும் இல்லாமற்போயின.

இன்று நம் சிற்றூர்ப் பீடங்களின் முன்னும் ஒளிப்படக் கருவி நிற்கிறது. ஆகவே இது பிறநாட்டார் கதை மட்டுமன்று. மக்கள் எதை விரும்புகிறார்கள் என்று வாசற்படியில் கேட்பது மேய்ப்பனுக்கு அழகே. அவ்விடை, நாம் எவ்விடத்தில், எவ்வாறு பேசவேண்டும் என்பதைக் கற்பிக்கட்டும். எதைப் பேசவேண்டும் என்பதை அதனிடம் ஒப்புவிக்க நமக்கு உரிமையில்லை.