புக்கானன் பத்தியின் இரண்டாம் பெயர்: 'லேட்டரைட்' என்ற சொல்லின் பொருள் குறித்து

லேட்டரைட் என்ற பெயர் செங்கல்லின் நிறத்தால் வந்தது என்ற கருத்து பாடநூல்களில் மட்டுமல்ல, ஆய்வுரைகளிலும் வேரூன்றியிருக்கிறது. இலத்தீனில் 'லேட்டர்' என்றால் செங்கல், பாறையும் சிவப்பு, வேறென்ன வேண்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பிரான்சிஸ் புக்கானன் 1807-இல் வெளியிட்ட பயண நூலில், மலபாரின் அங்காடிப்புரத்தை ஒட்டி வரும் பத்தியைச் சொல் சொல்லாகப் படித்தால் இக்கருத்து நிற்காது.

அப்பத்தி நிறத்தை இரண்டு இடங்களில் தொடுகிறது. பாறைக்குள் இரும்பு சிவப்பு, மஞ்சள் காவிகளாக நிறைந்திருக்கிறது. காற்றுப்பட்டு இறுகிய பகுதி கறுத்துப்போகிறது. செங்கல் என்ற பெயருக்குக் காரணம் சொல்லும் இடத்தில் இவ்விரண்டுமே வருவதில்லை. வருவது வேலைப்பாடு. புதைந்து கிடக்கும்வரை இரும்புக் கருவிக்கு எளிதில் வெட்டுப்படும். சதுரக் கட்டிகளாகப் பெயர்த்து, கரணையாலோ பெரிய கத்தியாலோ உடனே வடிவம் கொடுப்பார்கள். விரைவில் செங்கல்லைப்போல் கெட்டிப்பட்டுவிடும். செங்கல் வடிவில் வெட்டப்படுவதால் உள்ளூர் மொழிகள் சிலவற்றில் 'இடிக கல்லு' எனப்படுகிறது என்கிறார். அதில் செங்கல் எனப் பொருள்படும் இட்டிகையை அடையாளம் காண நமக்குச் சிரமமில்லை. கேரளத்தில் இன்றும் இது வெட்டுக்கல்தான்.

இதுவரை சிலரேனும் ஒப்புக்கொள்வர். அடுத்த வாக்கியத்தைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். மேல்மண் அரிக்கப்பட்டு வெளித்தெரியும் பாறையின் துளைகளும் மேடுபள்ளங்களும் தோல்நோய் கண்டவரின் மேனியை ஒத்திருப்பதால் தமிழில் அதற்கு 'ஷுரி கல்' என்று பெயர் என அவர் பதிவுசெய்கிறார். எழுத்துப்பெயர்ப்பு சிதைந்திருந்தாலும், அவரே தரும் பொருளைக் கொண்டு இதைச் சொறிக்கல் என்றே படிக்க வேண்டும். இதை வெறும் வழக்காற்றுச் செய்தியாக ஒதுக்குவது பிழை. இட்டிகைக்கல் புதைந்த மென்னிலைக்கும், சொறிக்கல் வெளிப்பட்ட வன்னிலைக்கும் உரியவை. இரண்டையும் சொன்ன பிறகே லேட்டரைட் என்ற பெயரைப் புக்கானன் முன்வைக்கிறார். எனவே அச்சொல் இரு நிலைகளையும் தழுவியது என்று கொள்வதே பொருத்தம். மேலோடு மட்டுமே லேட்டரைட் என்போரும், வெட்டுப்படும் மென்பாறை மட்டுமே என்போரும் பத்தியின் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள்.

பாறை எப்படிச் சிதைந்து உருவானது என்பது பற்றி அப்பத்தியில் ஒரு சொல்லும் இல்லை. கருங்கல்லின் மீது அடுக்கின்றிக் கிடக்கும் இறுகிய களிமண் என்பதே அவர் விளக்கம். பின்னர், 1898-இல் மாக்ஸ் பவுவர் சேஷல்ஸ் தீவுகளின் லேட்டரைட் மாதிரிகளில் அலுமினிய ஹைட்ராக்சைடைக் கண்டதிலிருந்து, லேட்டரைட்டை வரையறுப்பதில் வேதியியல் மேலோங்கியது. 1927-இல் மார்ட்டினும் டாயினும் லேட்டரைட்டில் சிலிக்கா–அலுமினா விகிதம் 1.33-க்குக் கீழ் இருக்க வேண்டும் என்று வரையறுத்தனர். பாக்சைட் தேடுவோருக்கு இது பயன்படலாம். ஆனால் வெட்டவே வராத மண்ணும் இதன்படி லேட்டரைட் ஆகிவிடுகிறது.

உலகின் பல லேட்டரைட்டுகள் காற்றில் இறுகுவதில்லையே என்ற மறுப்பு இங்கே பொருந்தாது. பெயர் பிற்காலத்தில் அவற்றுக்கும் நீட்டப்பட்டது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. தமிழ்க் கலைச்சொல் தொகுப்போர் நிறத்தை முன்னிறுத்தும் செம்புரைக்கல்லைப் பொதுப்பெயராக வைத்துக்கொள்ளட்டும். வெளிப்பட்டு இறுகிய நிலைக்குச் சொறிக்கல்லை மீட்டெடுக்க வேண்டும்.