கை கழுவக் கற்பித்தவர்கள்

வியன்னா பொது மருத்துவமனையின் மகப்பேற்றுப் பகுதி இரு பிரிவுகளாக இயங்கிவந்தது. 1840 முதல், முதற்பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர். இரண்டாவதில் மருத்துவச்சிப் பயிற்சி பெறும் பெண்கள். நிர்வாக வசதிக்காகச் செய்த பங்கீடுதான் அது. ஆனால் தொற்றுக் கட்டுப்பாட்டின் வரலாற்றில் இதைவிடத் துலக்கமான ஒரு சோதனையை எவரும் திட்டமிட்டு அமைத்திருக்க முடியாது. 1841 முதல் 1846 வரையிலான ஆறாண்டுகளில் முதற்பிரிவில் பிரசவித்த தாய்மாரில் நூற்றுக்குப் பத்துப்பேர் அளவில் மாண்டனர். இரண்டாம் பிரிவில் நான்கு பேருக்கும் குறைவு. இன்ன நாளில் வருவோர் இன்ன பிரிவுக்கு என்பது விதி. முதற்பிரிவுக்குரிய நாளில் வந்துசேர்ந்த பெண்கள் மண்டியிட்டு, தங்களை மருத்துவச்சிகளிடம் அனுப்பிவிடுமாறு கெஞ்சினார்கள். மருத்துவர்களுக்கு முன்பே அந்த ஏழைப் பெண்களுக்கு விடை தெரிந்திருந்தது என்றே சொல்ல வேண்டும்.

முதற்பிரிவில் உதவி மருத்துவராக இருந்த இக்னாஸ் செம்மல்வைஸுக்கு விடை கிடைத்தது ஒரு நண்பரின் சாவில். 1847 மார்ச்சில், பிரேதப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு, பேராசிரியர் கொலெட்ச்கா இறந்தார். அவர் உடலில் காணப்பட்ட மாற்றங்கள் பிரசவக் காய்ச்சலில் மாண்ட தாய்மாரின் உடல்களில் கண்டவையாகவே இருந்தன. மாணவர்கள் பிணவறையிலிருந்து நேரே பிரசவ வார்டுக்கு வருகிறவர்கள். மருத்துவச்சி மாணவிகளோ பிணத்தைத் தொடுவதில்லை. அந்த ஆண்டு மே மாதம் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிய பிறகே உள்ளே வர வேண்டும் என்று அவர் உத்தரவிட்டார். சோப்புக்குப் போகாத பிணவாடை அந்தக் கரைசலுக்குப் போயிற்று, அவ்வளவுதான் அவரிடம் இருந்த அளவுகோல். ஏப்ரலில் பதினெட்டு விழுக்காட்டுக்கும் மேலிருந்த மரணம் ஜூனில் இரண்டை ஒட்டி இறங்கியது.

அக்டோபரில் இன்னொரு பாடம். கருப்பையில் புற்றுப்புண் கண்ட ஒரு பெண் முதற்கட்டிலில் கிடந்தாள். அவளைத் தொட்ட கைகள் வரிசையாக அடுத்த கட்டில்களுக்குச் சென்றன. அப்போது பிரசவித்த பன்னிருவரில் பதினொருவர் இறந்தனர். வாசலில் ஒருமுறை கழுவினால் போதாது, ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் கழுவ வேண்டும் என்ற விதி அங்கே பிறந்தது. இன்று செவிலிய மாணவிக்கு முதலாண்டிலேயே சொல்லித்தரப்படும் அந்தச் சிறு விதியின் விலை பதினொரு உயிர்கள்.

நம் மொழியில் 'கைகழுவுதல்' என்றால் பொறுப்பை உதறுதல். ஆனால் பிராயச்சித்தத்தைக் குறிக்கும் 'கழுவாய்' என்ற சொல்லும் அதே வேரில் உண்டு, புறநானூற்றிலேயே இருக்கிறது. தம் கைகளால் எத்தனை பேர் கல்லறைக்குப் போனார்களோ என்று வருந்திய செம்மல்வைஸுக்கு இரண்டாவது சொல்தான் பொருந்தும்.

ஆயினும் அவர் நல்ல ஆசிரியர் அல்லர். தம் முடிவுகளை முழுமையான நூலாக்க 1861 வரை தாமதித்தார். மறுத்தவர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதங்களில் சாடினார். அவர் வாசலில் நின்றவரை உத்தரவு நடந்தது. 1850இல் அவர் வியன்னாவை விட்டு நீங்கினார். 1865இல் மனநோய் விடுதி ஒன்றில் நாற்பத்தேழு வயதில் இறந்தார்.

கற்பிக்கத் தெரிந்த ஒருவர் லண்டனில் இருந்தார். 1860இல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தம் பெயரிலான செவிலியர் பள்ளியைத் தொடங்கிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், தொற்று என்ற கருத்தை அப்போது ஏற்காதவர். நோய் அழுக்கிலும் கெட்ட காற்றிலும் பிறக்கிறது என்று நம்பியவர். ஆனால் செவிலி பகலில் அடிக்கடி கை கழுவ வேண்டும் என்று எழுதினார். அதைவிட முக்கியம், பயிற்சி மாணவிகள் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் நிரப்பப்பட்ட மதிப்பீட்டுத் தாள். நேரந்தவறாமை, அமைதி, நம்பகம் ஆகியவற்றோடு உடல் தூய்மையும் அதில் ஒரு கட்டம். வியன்னாவில் ஒருவரின் உத்தரவாக இருந்தது இங்கே ஓராண்டுப் பழக்கமாயிற்று. வகுப்பெடுப்பவர்களுக்கு இந்த வேற்றுமை விளங்கும்.

இந்த முறைக்கும் ஓர் எல்லை இருந்தது. காரணம் அறியாத பழக்கம் எங்கே தளரலாம், எங்கே கூடாது என்று பிரித்தறியாது. கிராமப்புற மருத்துவச்சிகளைப் பயிற்றுவிப்பதற்காக கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் நைட்டிங்கேல் நிதி நடத்திவந்த பிரசவ வார்டை அதே பிரசவக் காய்ச்சல் 1867இல் மூடவைத்தது. ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமில முறையை லான்செட் இதழில் வெளியிட்டதும் அந்த ஆண்டில்தான். நைட்டிங்கேல் ஒதுங்கிவிடவில்லை. பிரசவ விடுதிகளின் மரணக் கணக்குகளைத் திரட்டி 1871இல் ஒரு நூல் எழுதினார். வீட்டில் பிரசவிப்பதே விடுதியைவிடப் பாதுகாப்பானது என்று அந்தக் கணக்கு காட்டியது. தம் பள்ளியின் தோல்வியையும் அட்டவணையில் ஏற்றத் துணிந்த அந்த நேர்மைதான், விளக்கேந்திய சித்திரத்தைவிட என்னை ஈர்க்கிறது.

1880களில் மருத்துவ அகராதி ஒன்றுக்கு எழுதிய கட்டுரையில் அவர் கிருமிகளை ஒப்புக்கொண்டார். செவிலியர் கை கழுவக் குளோரின் கலந்த சோடா எப்போதும் இருக்க வேண்டும், தோலையே உரிக்கும் மருந்து கிருமிக்கும் கெடுதலாகத்தான் இருக்கும் என்று தமக்கேயுரிய குறும்போடு எழுதினார். செம்மல்வைஸின் குளோரின் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துச் செவிலியின் பாடத்துக்குள் வந்துவிட்டது.

உரிந்த தோலுக்கும் ஒரு கதை உண்டு. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை அரங்குச் செவிலி கரோலின் ஹாம்ப்டனின் கைகள் பாதரசக் கிருமிநாசினியால் புண்ணாயின. அவருக்காக 1889-90 குளிர்காலத்தில் அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட், குட்இயர் நிறுவனத்திடம் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறைகள் செய்வித்தார். அவ்வாண்டே இருவரும் மணம் செய்துகொண்டனர். கையுறை முதலில் வந்தது நோயாளியைக் காக்க அன்று, செவிலியின் தோலைக் காக்க. அங்கே அறுவை செய்வோர் எல்லோரும் அதை வழக்கமாக அணிய மேலும் சில ஆண்டுகள் ஆயின.