முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சையும் சப்பிரகமுவத் தோட்டத் தொழிலாளரும்

இடுப்பிலே தொடங்கித் தொடையின் பின்புறமாகக் கணுக்கால்வரை ஓடும் நரம்புவலி மாந்தர்க்குப் புதியதன்று. சரகசங்கிதை இதனைக் கிருத்திரசி என்னும் பெயரால் வாத நோய்களுள் ஒன்றாக எண்ணியது. வலியுற்றோன் கழுகுபோல நடத்தலின் அப்பெயர் வந்ததென்பர். நேப்பிள்சு நகரத்து மருத்துவர் தொமேனிக்கோ கொத்தூஞ்ஞோ 1764 இல் எழுதிய நூல், மூட்டினின்று எழும் வலியையும் நரம்பினின்று எழும் வலியையும் வேறுபிரித்துக் காட்டிற்று. நோய் இங்ஙனம் பழையதாயினும், அதனைக் கத்தி கொண்டு தீர்க்கலாமா என்னும் வினா இருபதாம் நூற்றாண்டிலேயே பிறந்தது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டங்களில் அவ்வினாவை எதிர்கொள்வோரின் நிலையை விளங்கிக்கொள்வதற்கு மருத்துவ வரலாற்றோடு உழைப்பின் வரலாற்றையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடை முதலிய பகுதிகளில் தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து வளர்கின்றன. கொழுந்தெடுக்கும் பெண், தலையிற் கயிறு மாட்டி முதுகிலே கூடை சுமந்து, சரிவான மலையில் நாள்முழுதும் நிற்கின்றாள். பால்வெட்டுந் தொழிலாளி விடியுமுன் புறப்பட்டு, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து, பின்னர் பால்வாளியைச் சுமந்து இறங்குகின்றான். இவர்களின் வாழ்வு ‘பேர்’ என்னும் நாட்கணக்கிலே தங்கியிருந்தது. குறித்த நிறைக்குக் கொழுந்து கொடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். ஆதலின் முதுகுவலி இங்கே உடலின் துன்பமாக உணரப்படுமுன்பே கூலியின் குறைவாக உணரப்பட்டது.

தோட்ட மக்களுக்கான மருத்துவச் சட்டங்கள் இவ்வலியைக் கருத்திற்கொண்டு எழுந்தவையல்ல. தென்னிந்தியாவினின்று வந்த தொழிலாளர் பெருந்தொகையாக மடிந்தமையே 1872 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைக் கட்டளைச் சட்டத்துக்குக் காரணமாயிற்று. அது பெருந்தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாக வகுத்தது. 1912 இல் இத்துறையிற் புதிய சட்டங்கள் இயற்றப்பட்டன. 1916 இல் உரொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலை தோட்டங்களிலே தொடங்கியது. வாந்திபேதி, அம்மை, கொழுக்கிப்புழு ஆகியவை ஆட்களைக் குறைத்தன. எனவே அவை எண்ணப்பட்டன. கொல்லாது வருத்தும் வலி எக்கணக்கிலும் ஏறவில்லை. அதற்குத் தோட்டத்து மருந்துச்சாலையிற் கிடைத்தது பூச்சுமருந்தும் சில நாள் ஓய்வுமே. பலர் அயற்கிராமத்துக் ‘கடும் பிந்தும்’ வைத்தியரை நாடினர்.

இதற்கிடையே 1934 ஆம் ஆண்டிலே பொஸ்தன் நகரத்து மருத்துவர்களான மிக்ஸ்ரரும் பாரும் புகழ்பெற்ற கட்டுரையொன்றை வெளியிட்டனர். முள்ளென்புகளுக்கு இடையேயுள்ள வட்டுப் பிதுங்கி நரம்பை நெருக்குவதனால் இவ்வலி உண்டாகலாம் என்றும், பிதுங்கிய பகுதியை நீக்கினால் வலி தணியலாம் என்றும் அவர்கள் காட்டினர். அதற்கு முன்னர் அத்தகைய பிதுக்கம் கட்டியெனத் தவறாகக் கருதப்பட்டிருந்தது. இலங்கையில் நரம்புச் சத்திரசிகிச்சை 1950களிலே கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் தனித்துறையாக உருப்பெற்றது. சிகிச்சை இலவசமாயினும் தோட்டத்திலிருந்து கொழும்புக்குச் செல்லுதல் இலவசமாகவில்லை. வழிச்செலவும், துணைக்கு வருபவரின் இழந்த நாட்கூலியும், மொழி தெரியாத வாட்டில் நோயை விளக்க இயலாமையும் அதன் விலையாயின. தமிழும் ஆட்சிமொழியென அரசியலமைப்பிலே சேர்க்கப்பட்டது 1987 இலேயே. தான் ஒப்பமிடும் சம்மதப் பத்திரத்தின் பொருளை அறியாதவன் செய்வது தீர்மானமாகுமா என்பது ஈண்டு எழும் கேள்வியாகும்.

சிகிச்சையின் பயன் பற்றிய ஆராய்ச்சிகள் பிற்காலத்தன. நோர்வேயில் வேபர் என்பார், சத்திரசிகிச்சை வேண்டுமா என்று ஐயத்திற்கிடமான 126 நோயாளரை இரு கூறாக்கிப் பத்தாண்டுகள் தொடர்ந்து நோக்கி, 1983 இல் முடிபுகளை வெளியிட்டார். முதலாண்டின் இறுதியிற் சத்திரசிகிச்சை பெற்றோர் தெளிவாக மேம்பட்டிருந்தனர். நான்காம் ஆண்டளவில் அவ்வேறுபாடு பெரிதும் மறைந்தது. 2007 இல் வெளியான ஒல்லாந்து ஆய்வில், 283 நோயாளருள் விரைவிற் சத்திரசிகிச்சைக்கு விடப்பட்டோர் முன்னதாக வலி நீங்கினர். ஓராண்டு கழிந்தபோது இரு சாராரிலும் ஏறத்தாழ 95 வீதத்தினர் நலமடைந்திருந்தனர். எனினும் பொறுத்திருந்த சாராருட் பத்தில் நால்வரளவினர் அவ்வாண்டினுள்ளேயே சத்திரசிகிச்சையை நாடினர்.

இம்முடிபுகளைக் கண்டு, “பொறுத்திருந்தால் ஆறும், கத்தி எதற்கு?” என்று கூறுவது எளிது. ஆனால் மாதச்சம்பளம் பெறும் எழுதுவினைஞருக்குச் சில மாதத் தாமதம் துன்பம். நாட்கூலியாளுக்கோ அது கடனும் பட்டினியுமாகும். விரைந்து வலி நீங்குதல் என்பதன் மதிப்பு ஆளுக்காள் வேறுபடுகின்றது. மறுபுறத்தே, சத்திரசிகிச்சையின்பின் அதே கூடையையும் அதே மலையையும் நோக்கித் திரும்புபவளுக்கு, அந்நலன் எத்துணைக் காலம் நிலைக்கும் என்பதும் எண்ணத்தக்கது. மேலும் இவ்வாய்வுகள் வட்டுப் பிதுக்கத்தால் எழும் கால்வலியைப் பற்றியனவே. காரணந் தெளியாத நாட்பட்ட முதுகுவலிக்கு அவற்றைச் சான்றாகக் காட்டலாகாது. சத்திரசிகிச்சையின் பின்னும் வலி நீங்காதோர் உளர் என்பதும் மறைக்கத்தக்கதன்று. ஆயினும் சிறுநீர் தடைப்படல், மறைவிடத்தில் உணர்விழத்தல், காலின் வலிமை நாளுக்குநாட் குன்றல் ஆகியவை தோன்றின் பொறுத்தல் தகாது. அந்நிலையிற் காலதாமதமே பெருங்கேடாகும்.

1970களிலே தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. உடைமை மாறியபோதும் கூடையின் சுமை மாறவில்லை. பயன், இடர், பொறுத்திருப்பதன் பலன் ஆகியவற்றை நோயாளி தன் மொழியிலே கேட்டறிதலும், சிகிச்சைக்குப்பின் இலகுவான வேலையும் அக்காலத்துக் கூலியும் உறுதியாகப் பெறுதலும் வேண்டும். இவையில்லாவிடின் அவர் செய்வதாகத் தோன்றும் தெரிவை வறுமையே அவருக்காகச் செய்துவிடுகின்றது. இத்தோட்டங்களின் வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.