திருகோணமலை மரம்

சாவண்டலை என்றும் அழைக்கப்படும் உயரமான காட்டு மரம். சிங்களத்தில் ஹல்மில்ல, தாவரவியலில் பெர்ரியா கார்டிஃபோலியா. இதய வடிவ இலை, கொத்தாக வெள்ளைப் பூ, சிறகு முளைத்த காய். இலங்கையின் வறண்ட வலயக் காடுகளில் வளர்கிறது, தென்னிந்தியாவிலும் உண்டு.

திருகோணமலைத் துறைமுகத்தின் பெயர் மரத்துக்கு ஒட்டிக்கொண்டதற்கு வணிகமே காரணம். திருகோணமலையிலிருந்து கப்பலேறிய இந்தச் செந்நிற மரம் சென்னையில் மசூலாப் படகுகளுக்குப் போயிற்று. அப்போது சென்னைக்குத் துறைமுகம் இல்லை. ஆளும் சரக்கும் இந்தப் படகுகளில்தான் அலை தாண்டிக் கரையேற வேண்டும். வலிமையும் வளையும் தன்மையும் கொண்ட மரத்துக்கு அங்கே மதிப்பு இருந்ததில் வியப்பில்லை.

1787இல் தொடங்கிய கல்கத்தா தாவரவியல் பூங்காவை 1793 முதல் நடத்திய வில்லியம் ராக்ஸ்பரோ இந்த மரத்துக்குப் பெர்ரியா என்ற பேரினப் பெயரைச் சூட்டினார். அது சென்னை மருத்துவர் ஆண்ட்ரூ பெர்ரியின் பெயர். மரம் விளைந்த ஊர்க்காரர் எவர் பெயரும் அதில் ஏறவில்லை. அக்காலப் பூங்காக்களின் வழக்கம் அது.

இலங்கையில் தென்னஞ்சாராயத்தைப் பதப்படுத்தும் பீப்பாய்கள் இன்றும் ஹல்மில்ல மரத்தில் செய்யப்படுகின்றன.