பெங்களூரின் பூமரங்கள்: க்ரும்பீகலுக்கு முன்னும் பின்னும்

அடுகோடிக்கு அருகில், ஓசூர் சாலையில், மெதடிஸ்ட் கல்லறைத் தோட்டம் ஒன்று உள்ளது. 1956இல் பெங்களூரில் மறைந்த குஸ்டாவ் ஹெர்மன் க்ரும்பீகல் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். தபெபூயா மரங்கள் இலையுதிர்த்து இளஞ்சிவப்பாகப் பூக்கும் ஒவ்வொரு பருவத்திலும் அவர் பெயர் சமூக ஊடகங்களில் வலம் வருகிறது. நகருக்கு வண்ணம் தந்தவர் ஒரு ஜெர்மானியர் என்பர். இக்கூற்று பொய்யன்று, ஆயின் அது பாதிக் கதை.

1865இல் டிரெஸ்டன் நகருக்கு அருகே பிறந்தவர் க்ரும்பீகல். இலண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றி, 1893இல் பரோடா சமஸ்தானத்திற்கு வந்தார். 1908இல் ஜான் கேமரனுக்குப் பின் லால்பாக்கின் பொறுப்பை ஏற்று, 1932 வரை மைசூர் சமஸ்தானத்தின் தோட்டக்கலையை வழிநடத்தினார். அவர் முன்வைத்த 'தொடர் பூத்தல்' என்னும் முறை எளியது: ஒரு தெருவின் மரங்கள் பூத்து ஓயும்போது அடுத்த தெருவின் மரங்கள் பூக்கத் தொடங்க வேண்டும். தென் அமெரிக்காவின் ஜகரந்தா, மடகாஸ்கரின் குல்மொஹர், நம் சரக்கொன்றை என இலையுதிர்க்கும் இனங்கள் இதற்குப் பெரிதும் உதவின. வறட்சியில் இலைகளை உதிர்த்துவிட்டு வெறுங்கிளையில் பூப்பதால் நிறத்தை மறைக்க இலை இராது. (இக்காட்சி நமக்குப் புதிதன்று. இலையற்ற கிளையில் மலரும் கோங்கையும் இலவத்தையும் சங்கப் புலவர்கள் நன்கறிந்திருந்தனர். தெருவோரத்தில் வரிசையாக நடுவதே புதிது.)

எனினும், இன்று நாம் படமெடுத்து மகிழும் தெருவோரத் தபெபூயாக்களில் பல க்ரும்பீகல் காலத்தவை அல்ல. நகரம் விரிந்து மரங்கள் குறைந்துவந்த 1980களில், வனத்துறை அதிகாரி எஸ். ஜி. நெகின்ஹால் தலைமையில் ஏறத்தாழ 15 இலட்சம் கன்றுகள் நடப்பட்டன. கன்றுகளை உயரமாக வளர்த்த பின்னரே தெருவுக்குக் கொண்டுவருவது, ஒவ்வொன்றையும் சுற்றிக் கூண்டு அமைப்பது, அவ்வப்பகுதி மக்களையும் பணியில் சேர்ப்பது ஆகியவை அவர் கையாண்ட வழிகள். மாடு மேய்ந்த நகரத்தில் கூண்டில்லாத கன்று பிழைப்பது அரிது. ஓர் அயல்நாட்டவரின் தனித்த மேதைமை என்ற கதை சுவையானது என்பதாலேயே, அரை நூற்றாண்டுக்குப் பிந்திய இந்த அரசுத் திட்டம் மறக்கப்படுகிறது என்பது என் கருத்து.

இவ்விருவருக்கும் முந்தையவர்கள் திகளர்கள். 1760இல் ஹைதர் அலி லால்பாக்கிற்கு அடிகோலியபோது தமிழ் நிலத்திலிருந்து தோட்டக்காரர்கள் அழைத்துவரப்பட்டனர் என்பது அச்சமூகத்தில் வழங்கும் மரபு. கன்னடத்தில் தமிழரைக் குறிக்கவும் 'திகளர்' என்ற சொல் வழங்கியதுண்டு. வன்னிகுல க்ஷத்திரியர் எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் இவர்கள் காய்கறி, பூ, பழம் பயிரிடுவதில் தேர்ந்தவர்கள். சித்திரைப் பௌர்ணமியில் இவர்கள் எடுக்கும் கரகம் நகரின் பெருந்திருவிழா. க்ரும்பீகலின் பெயரில் பெங்களூரில் ஒரு சாலையே உண்டு. மண் கொத்தி நீர் ஊற்றியவர்களின் பெயரில் என்ன உண்டு? எந்த இனத்தை எங்கே நடுவது என்ற முடிவு எழுத்தில் பதிவாகிறது. அதைப் பிழைக்கவைத்த உழைப்பு அவ்வாறு பதிவாவதில்லை.

அவ்வுழைப்பு எத்தகையது என்பதை மரத்தைக் கொண்டே அறியலாம். ஜகரந்தாவின் தட்டையான காய் வெடித்ததும் மெல்லிய இறகுடைய விதைகள் காற்றில் பறந்துவிடும். அதற்கு முன் பறித்தாக வேண்டும். முளைத்த கன்றுக்கு முதல் இரண்டு மூன்று கோடைகளில் நீரும், சாயாதிருக்க ஊன்றுகோலும் வேண்டும். வேரூன்றி வளர்ந்த பின் நிலைமை தலைகீழ். பூப்பதற்கு முந்தைய வறண்ட மாதங்களில் நீரைக் குறைப்பதே நன்று. ஈரம் மிகுந்தால் இலை தழைக்கும், பூ குறையும். கவாத்து செய்வதாயின் பூத்து ஓய்ந்த பின்னரே செய்ய வேண்டும். உச்சியை வெட்டினாலோ நெட்டுக்குத்தான போத்துகள் கிளம்பி மரத்தின் வடிவமே கெட்டுவிடும். எப்போது ஊற்றுவது, எப்போது நிறுத்துவது என்னும் அறிவு கைகளில் தங்கி, தலைமுறை வழியே கடத்தப்படுவது.

இன்று நடைபாதைகளில் அடிமரம்வரை சிமென்ட் பூசப்படுகிறது. மழைநீர் வேருக்கு இறங்குவதில்லை. தண்டு பருக்க இடமில்லை. மின்கம்பிக்காக ஒருபக்கக் கிளைகள் மட்டும் வெட்டப்பட்ட மரம், எடை சமன் குலைந்து மழைக்காற்றில் சாய்கிறது. சாய்ந்ததும் அயல்நாட்டு மரம், அதனால்தான் விழுந்தது என்கிறோம். குல்மொஹர் எளிதில் ஒடியும் மரம் என்பது உண்மையே. ஆனால் அதன் அடியில் ஓர் அடி மண்ணேனும் திறந்திருந்ததா என்று, விழுந்த மரத்தை அறுத்து எடுத்துச் செல்லும்முன் பார்த்துக் குறித்துக்கொள்வோர் மிகச் சிலரே.