சிங்கப்பூரில் பொது வீடமைப்பும் பொருளாதார வளர்ச்சியும்

சிங்கப்பூரில் பொது வீடமைப்பு என்பது, அரசே அடுக்குமாடி வீடுகளைக் கட்டி மக்களுக்கு வாடகைக்கும் பின்னர் விற்பனைக்கும் வழங்கிவரும் ஏற்பாடு. வீட்டில் போடும் பணம் முடங்கிப்போகும், தொழிற்சாலையில் போட்டால்தான் நாடு வளரும் என்று பொருளியலாளர் பலர் எண்ணியிருந்த காலத்தில் அது தொடங்கியது.

பிரிட்டிஷ் ஆட்சி 1927இல் நிறுவிய சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் 32 ஆண்டுகளில் கட்டிய வீடுகள் சுமார் 23,000. மக்கள்தொகையோ 1947இல் 9.4 லட்சமாக இருந்து, பத்தே ஆண்டுகளில் 14.5 லட்சமாகிவிட்டது. சைனாடவுன் கடைவீடுகளில் ஓர் அறையைப் பலகைத் தடுப்புகளால் கூறுபோட்டுப் பல குடும்பங்கள் வாழ்ந்தன. நகர விளிம்பில் அத்தாப்பு ஓலைக் கூரை வேய்ந்த வீடுகள் கொண்ட கம்பங்கள் (சிற்றூர்க் குடியிருப்புகள்) நெருக்கியடித்தன. 1960 பிப்ரவரி 1 அன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) உருவானது. முதல் தலைவரான வணிகர் லிம் கிம் சான் தொடக்க ஆண்டுகளில் ஊதியம் பெறாமலே உழைத்தார். 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் மூண்ட தீ ஏறக்குறைய 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. எரிந்த நிலத்திலேயே அடுக்குமாடிகள் எழுந்தன. 1965க்குள் கழகம் 50,000க்கும் அதிகமான வீடுகளைக் கட்டி முடித்திருந்தது.

பணம் வந்த வழிதான் இதன் உயிர்நாடி. 1955இல் தொடங்கிய மத்திய சேம நிதியில் தொழிலாளியும் முதலாளியும் மாதந்தோறும் சந்தா கட்டினர். அந்நிதி அரசுப் பத்திரங்களை வாங்கியது. அரசு கழகத்துக்குக் கடன் கொடுத்தது. 1968 முதல் அதே சேமிப்பை எடுத்து வீடு வாங்கலாம் என்றானதும், முன்பணத்துக்கும் மாதத் தவணைக்கும் கைக்காசைத் தேட வேண்டிய நிலை தளர்ந்தது, விற்பனை பெருகியது. 1966ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தால் நிலமும் மலிவாகக் கிடைத்தது.

தோ பாயோ போன்ற வீவக குடியிருப்புப் பேட்டைகளுக்குள்ளேயே மின்னணுத் தொழிற்சாலைகள் அமைந்தன. வீட்டருகே வேலை கிடைத்ததால் பெண்கள் பெருமளவில் தொழிலாளர் படையில் சேர்ந்தார்கள். வீடமைப்பின் மிகப் பெரிய பொருளாதாரப் பயன் இதுவே எனலாம். கட்டுமானச் செலவுக் கணக்கில் இது தெரிவதில்லை.

1980களின் தொடக்கத்தில் கட்டுமானம் அளவுமீறியது. 1984இல் சேமநிதிச் சந்தா இரு தரப்பும் சேர்த்துச் சம்பளத்தில் 50 விழுக்காட்டை எட்டியது. 1985இல் பொருளாதாரம் சுருங்கியபோது கட்டுமானத் துறையும் வீழ்ந்தது. தொழிலாளர் செலவைக் குறைப்பதற்காக, மறுஆண்டு சேமநிதிச் சந்தாவில் முதலாளிகளின் பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 10ஆகக் குறைக்கப்பட்டது.

இன்று குடியிருப்பாளர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் வீவக வீடுகளில் வாழ்கிறார்கள். இவ்வீடுகள் 99 ஆண்டுக் குத்தகையில் விற்கப்படுகின்றன.