தெப்ராவ் நீரிணைக்கு அக்கரையில் ஒரு குட்டி மின்மினி: அதைப் பற்றி நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

தெப்ராவில் இருக்கிறவர்களிடம் சிங்கப்பூர் என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது காஸ்வே நெரிசல்தான். விடியுமுன்னே மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு வேலைக்குப் போகிறவர் உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம். அவர் தினமும் தாண்டுகிற அந்தத் தண்ணீருக்குப் பெயர் தெப்ராவ் நீரிணை. ஆமாம், நம்ம ஊர்ப் பெயர்தான்.

அந்த நீரிணைக்கு அக்கரையில், ஒரு சதுப்புக் காட்டுக்குள் ஒரு வண்டு வாழ்கிறது. நீளம் 5 மில்லிமீட்டர்கூட இல்லை. இரவில் மினுக்கும். அப்படி ஒன்று இருப்பதை அறிவியல் உலகம் முறையாகப் பதிவு செய்ததே 2021-இல்தான்.

அது என்ன வண்டு, ஏன் அந்த ஒரு காடு, ஜொகூரில் இருக்கும் நமக்கு அதில் என்ன சம்பந்தம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மின்மினி ஒரு வண்டா?

ஆமாம். மலாயில் கெலிப்-கெலிப், தமிழில் மின்மினி. ஆங்கிலப் பெயரில் 'ஃபிளை' என்று வருவதால் ஈ என்று நினைத்துவிடாதீர்கள். முதுகைப் பாருங்கள்: இரண்டு முன் இறக்கைகளும் கெட்டியான மூடிபோல் இருக்கும். பறப்பதற்கான மெல்லிய இறக்கைகள் அவற்றுக்கு அடியில் மடிந்திருக்கும். இதுதான் வண்டு இனத்தின் அடையாளம். உலகம் முழுக்க 2,000-க்கும் மேற்பட்ட மின்மினி இனங்கள் உள்ளன.

வெளிச்சம் எப்படி வருகிறது? அதன் வயிற்றின் நுனியில் லூசிஃபெரின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. லூசிஃபெரேஸ் என்ற நொதியின் உதவியோடு அது ஆக்சிஜனுடன் சேரும்போது ஒளி உண்டாகிறது. பல்பு மாதிரி சூடாகாது. அந்த மினுக்கல் அழகுக்காக அல்ல, துணை தேடுவதற்கான சிக்னல். ஒவ்வோர் இனத்துக்கும் தனித் தாளம் உண்டு.

2021-இல் என்ன கண்டுபிடிக்கப்பட்டது?

அந்தக் குட்டி மின்மினியின் அறிவியல் பெயர் லுசியோலா சிங்கப்பூரா. மின்மினி ஆய்வாளர் வான் ஃபரிடா அக்மால் ஜுசோ தலைமையிலான குழு, உடலமைப்பையும் மரபணுவையும் சேர்த்து ஆராய்ந்து, இது இதுவரை பெயரிடப்படாத தனி இனம் என்று உறுதி செய்தது. ஒளிரும் மின்மினிகளில் ஒரு புதிய இனம் சிங்கப்பூரில் கண்டறியப்பட்டது 1909-க்குப் பிறகு இதுவே முதல்முறை. நூறு வருஷத்துக்கும் மேலான இடைவெளி!

அதைவிட முக்கியமான தகவல் ஒன்று இருக்கிறது. பெயர் வைத்தபோது, அது வாழ்வதாகத் தெரிந்த இடம் உலகத்திலேயே ஒன்றுதான்: நீ சூன் சதுப்புக் காடு.

நீ சூன் காட்டில் அப்படி என்ன இருக்கிறது?

சதுப்பு என்றதும் நமக்குக் கடலோர அலையாத்திக் காடு, அதாவது பாக்காவ் காடுதான் மனதில் வரும். இது வேறு. இங்கே உப்புத் தண்ணீர் கிடையாது. மழைநீரும் ஓடைநீரும் தேங்கி, தரை எப்போதும் சொதசொதவென்று இருக்கும். மரங்கள் மூச்சு விடுவதற்காக வேர்களை வளைத்து வெளியே நீட்டியிருக்கும். இதற்கு நன்னீர்ச் சதுப்புக் காடு என்று பெயர். சிங்கப்பூரில் இந்த வகைக் காட்டில் மிஞ்சியிருப்பது இதுதான். நாட்டின் நடுவில் உள்ள நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதிக்குள் இருக்கிறது. பக்கத்தில் ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சிக் களம் உண்டு என்பதால், நினைத்த நேரத்தில் யாரும் உள்ளே போய்விட முடியாது.

இப்போது ஜொகூருக்கு வருவோம். இந்த வகைக் காடு ஒருகாலத்தில் நீரிணையின் இரண்டு பக்கமும் இருந்தது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் 1929 முதல் பணியாற்றிய ஈ. ஜே. எச். கார்னர் என்ற தாவரவியலாளர், ஜொகூரின் செடிலி ஆற்றுப் பக்கம் போய் இந்தக் காடுகளை ஆராய்ந்தார். தென் ஜொகூரையும் சிங்கப்பூரையும் ஒரே தலைப்பில் வைத்து அவர் எழுதிய நூல் 1978-இல் வெளிவந்தது. அவருக்கு அது ஒரே வகைக் காடு, நடுவே கொஞ்சம் கடல், அவ்வளவுதான். அந்தத் தென் ஜொகூர்க் காடுகளில் பெரும்பகுதி இன்று இல்லை. செம்பனைத் தோட்டமாகவும் ஊராகவும் மாறிவிட்டது.

அங்கே என்னென்ன மின்மினிகள் இருந்தன? பெயர் வைக்கும் முன்பே காடு போய்விட்டால், எது போனது என்பதுகூட நமக்குத் தெரியாது. லுசியோலா சிங்கப்பூரா தப்பித்ததற்குக் காரணம், அதன் காடு தப்பித்ததுதான்.

வேறு இடத்துக்குப் பறந்து போகலாமே?

நியாயமான கேள்வி. ஆனால், நாம் இரவில் பார்க்கிற மின்மினி, அதன் வாழ்க்கையின் கடைசிச் சில வாரங்களில் இருக்கும் மின்மினி. அதற்கு முன் அது முட்டையாக, பிறகு புழுவாக, பிறகு கூட்டுப்புழுவாக இருந்திருக்கிறது. வாழ்நாளில் பெரும்பகுதி புழுப் பருவம்தான். அந்தப் புழு ஈரமான மண்ணிலோ, உதிர்ந்த இலைகளுக்கு அடியிலோ, சில இனங்களில் தண்ணீரிலோ இருந்துகொண்டு நத்தை, மண்புழு போன்றவற்றை வேட்டையாடும். அதுவும் ஒளிரும்!

மண் காய்ந்தால் நத்தை இல்லை. நத்தை இல்லாவிட்டால் புழு இல்லை. வளர்ந்த மின்மினியும் வெகுதூரம் பறக்கிற ரகம் அல்ல. சில இனங்களில் பெண்ணுக்குப் பறக்கவே வராது. சுற்றிலும் சாலையும் கட்டடமுமாக இருந்தால், காடு அதற்கு ஒரு தீவு மாதிரி ஆகிவிடுகிறது.

நம் நாட்டு மின்மினிகளின் நிலைமை என்ன?

கோத்தா திங்கியில் ஜொகூர் ஆற்றில் படகேறி மின்மினி பார்த்தவர்கள் இருப்பீர்கள். சிலாங்கூரில் கம்போங் குவாந்தான் இன்னும் பிரபலம். அங்கே டெராப்டிக்ஸ் டெனர் என்ற இனம் ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் கூட்டமாகக் கூடி, ஒரே தாளத்தில் அணைந்து அணைந்து எரியும். 'லைட்' மாட்டிய மரம் போலவே இருக்கும்.

இங்கேதான் பலருக்கும் ஒரு விஷயம் தெரிவதில்லை. அந்த மரம் அவை கூடும் மண்டபம் மட்டும்தான். முட்டை இடுவதும், புழு வளர்வதும் மரத்துக்குப் பின்னால் உள்ள ஈரக் கரையில், நிப்பா, சாகோ மரங்களுக்கு அடியில். புழுவுக்குச் சாப்பாடு அங்கே உள்ள சின்னஞ்சிறு நத்தைகள். ஆற்றோரம் ஒரு வரிசை மரத்தை மட்டும் விட்டுவிட்டுப் பின்னால் உள்ளதை அழித்தால், மண்டபம் இருக்கும், விருந்தாளி வரமாட்டார்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில், நம் நாட்டில் கூட்டமாக ஒளிரும் டெராப்டிக்ஸ் வகைகளில் மூன்று 'எளிதில் பாதிப்புக்குள்ளாகக்கூடியவை' என்ற பிரிவில் உள்ளன. டெனரும் அவற்றில் ஒன்று.

எதனால் ஆபத்து?

உலக அளவில் மின்மினி நிபுணர்களின் கருத்தைத் திரட்டிய ஆய்வு ஒன்று 2020-இல் வெளியானது. அவர்கள் சொன்ன முதல் மூன்று காரணங்கள் இவை:

வாழிடம் அழிதல். டெனர் வாழும் அலையாத்திக் காடுகள் செம்பனைத் தோட்டங்களாகவும் மீன், இறால் பண்ணைகளாகவும் மாறியதை அந்த ஆய்வே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது.

செயற்கை வெளிச்சம். தெருவிளக்கும் விளம்பரப் பலகையும் பளிச்சென்று இருந்தால், ஒரு மின்மினியின் சிக்னல் இன்னொன்றுக்குத் தெரியாது. ஜோடி சேராவிட்டால் அடுத்த தலைமுறை இல்லை.

பூச்சிக்கொல்லி. கொசுவுக்கும் களைக்கும் அடிக்கிற மருந்து, மண்ணில் இருக்கும் புழுவையும் அதன் இரையையும் சேர்த்தே தாக்கும்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

காடு, ஆற்றங்கரை இரண்டையும் காப்பது அரசாங்கத்தின் கையில்தான் அதிகம் இருக்கிறது. கம்போங் குவாந்தான் பகுதியின் ஆற்றங்கரையை மின்மினிகளுக்காக சிலாங்கூர் மாநில அரசு 2009-இல் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. ஆக, மனம் இருந்தால் முடியும். உங்கள் வட்டாரத்தில் ஓர் ஆற்றோரத்தையோ சதுப்பையோ மண் போட்டு நிரப்பத் திட்டம் வந்தால், அங்கே என்ன வாழ்கிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

நம் கையில் இருப்பவையும் சில உண்டு:

மின்மினி பார்க்கப் போனால் ஃபிளாஷ் வேண்டாம், டார்ச் வேண்டாம். கைப்பேசித் திரையின் வெளிச்சத்தையும் குறைத்துவிடுங்கள்.

பிடித்துப் போத்தலில் போடாதீர்கள். அதற்கு இருப்பதே சில வாரங்கள்.

ஆற்றையோ காட்டையோ ஒட்டி வீடு இருந்தால், தேவையில்லாத வெளிவிளக்கை இரவில் அணைத்துவிடுங்கள். மின்கட்டணமும் குறையும்.

எங்கேயாவது மின்மினி கண்ணில் பட்டால் இடத்தையும் தேதியையும் குறித்து, இயற்கை ஆர்வலர் குழுக்களிடம் சொல்லுங்கள். ஜூலை முதல் வார இறுதி உலக மின்மினி நாள், தொடங்க நல்ல நேரம்.

தோட்டத்தில் வளர்ந்த உங்கள் பாட்டியிடமோ தாத்தாவிடமோ ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்: "அப்போ இங்கே மின்மினி இருந்துச்சா?" எந்தக் கால்வாய் ஓரம், எந்த மரம் என்று அவர்கள் சொல்லக்கூடும். அந்த இடம் இன்னும் ஈரமாக இருக்கிறதா என்று ஒரு நாள் இருட்டிய பிறகு போய்ப் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு.